ஆற்றைப் பார்த்த அறை

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. போனில் பேசலாம்தான். எடுத்தால் "சிக்னல் சரியில்லக்கா" என்பாய். இல்லாவிட்டால் போனை உன் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் படகைப் பார்க்கப் போய்விடுவாய். "இங்கே போன் வேலை செய்யாது, நிம்மதியாக இருக்கலாம்" என்று அதையே விளம்பரத்தில் வேறு போட்டிருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா போன வாரம் லீவு முடிந்து வந்தார். டீ நேரத்தில், "சிஸ்டர், இங்க வாங்க, எங்க போயிட்டு வந்தோம் பாருங்க" என்று போனை நீட்டினார். "ஆத்தோரமா ஒரு பழைய வீடு. அதை அப்படியே புதுசாக்கி வச்சிருக்காங்க. சுத்தி ஏக்கர் கணக்குல நிலம். படகு விடலாம், மீன் பிடிக்கலாம், சைக்கிள்ல சுத்தலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம். என் பையன் வில் அம்புகூட விட்டான்!"

முதல் படத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு எத்தனை பெயிண்ட் அடித்தாலும் ஆறு திரும்புகிற இடத்தை உன்னால் திருப்பி வைக்க முடியாதே. "இது எங்க வீடு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது.

படகுத்துறையில் ஒருவர் மண்டி போட்டுக்கொண்டு டாக்டரம்மா பையனுக்கு லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். பச்சைச் சட்டை. நெஞ்சில் உன் இடத்தின் பெயர். நரைத்த தலை.

"இவர் அங்க வாட்ச்மேன். தங்கமான மனுஷன். எங்க பெட்டியெல்லாம் மாடிக்கு அவரேதான் தூக்கிட்டு வந்தார். உட்காருங்கன்னா உட்காரவே மாட்டேங்கிறார். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வர்றார், இந்த வயசுல!"

நகராட்சி நீச்சல் குளத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க யாரையும் 'சார்' என்று கூப்பிடாமல் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்த மனிதர். அவர் விசில் ஊதினால் எப்பேர்ப்பட்ட பெரிய வீட்டுப் பிள்ளையும் வாயை மூடிக்கொண்டு தண்ணீரை விட்டு ஏறும். அவர் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறார்.

கடைசிப் படம் அவருடைய அறை. ஆற்றைப் பார்த்த சுவரை இடித்துக் கண்ணாடி போட்டிருக்கிறாய். கட்டில் இருந்த இடத்தில் வெள்ளைவெளேரென்று குளியல் தொட்டி. அதில் டாக்டரம்மா நுரைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்.

அப்பா இப்போது எங்கே படுக்கிறார்? மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம். அதை மட்டும் எழுது.

அக்கா

*

ஜூன் 14

அக்கா,

கடிதம் வந்துச்சு. நான் படிச்சேன், அவளும் படிச்சா. ஒளிச்சுவைக்க இங்க ஒண்ணும் இல்ல.

அப்பா படகுக் கொட்டகையை ஒட்டின அறையில படுக்கறார். ஃபேன் இருக்கு, பாத்ரூம் இருக்கு, கதவைத் திறந்தா ஆறு. நான் அவரைத் தள்ளிவைக்கல. இடிக்கிற வேலை ஆரம்பிச்சப்ப தூசி தாங்காம அவரேதான் அங்க போனார். வேலை முடிஞ்சதும் கூப்பிட்டேன். வந்தார். வாசல்ல நின்னு தொட்டியைப் பாத்தார். "குளிக்கிற எடத்துல படுக்கச் சொல்றியாடா?"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார். ரெண்டாவது தடவை நான் கூப்பிடலதான். கூப்பிட்டிருந்தா வந்திருப்பாரோ என்னவோ. அதுக்குள்ள அந்த அறையைக் கேட்டுத்தான் ஆளாளுக்கு போன் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

பச்சைச் சட்டை எல்லாருக்கும்தான். நானும் போடறேன், அவளும் போடறா. அது உன் கண்ணுல படாது.

பெட்டி கதையைக் கேளு. முதல் முதலா வந்த குடும்பம். அந்த ஆள் கார்லேருந்து இறங்கின உடனே, "பெரியவரே, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் எடுங்க"ன்னான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா தூக்கிட்டார். மாடியில வச்சுட்டு இறங்கி வந்து என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். அவருக்கு அது விளையாட்டு. நானும் சிரிச்சேன். பெட்டி மேல போனதுக்கு அப்புறம் "அவர் எங்க அப்பா"ன்னு எப்படிச் சொல்றது? சொன்னா அந்த ஆளுக்கும் அசிங்கம், அப்பாவுக்கும் அசிங்கம். அடுத்த குடும்பத்துக்குச் சொல்லலாம்னு விட்டேன். அடுத்த குடும்பமும் வந்துச்சு.

அம்மா போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல அவர் எப்படி இருந்தார்னு உனக்குத் தெரியுமா? சுவத்தைப் பாத்து உட்கார்ந்திருப்பார். நீ போன் பண்ணுவ, "நல்லா இருக்கேம்மா"ம்பார், வச்சிடுவார். நீயும் நல்லா இருக்கார்னு நினைச்சுப்ப. வெள்ளம் வந்துட்டுப் போனப்ப முழங்கால் சேத்துல நின்னு வீட்டை அள்ளினது நானும் அவளும். கூரை மாத்தினது, நிலத்துல மண்டிக் கிடந்த முள்ளை வெட்டினது, பாம்புக்குப் பயந்து பூட்ஸோட தூங்கினது எல்லாம் நாங்க. வீட்டை என் பேருக்கு மாத்தறப்ப நீ ஒரு கையெழுத்துப் போட்ட. "எனக்கு எதுக்குடா அந்தப் பாழடைஞ்ச வீடு"ன்னு சொல்லிட்டு அன்னிக்கே ரயிலேறிட்ட. இப்பப் பாழா இல்லன்னதும் அறை ஞாபகம் வருது.

இப்ப அப்பா சாப்பிடறார். பசங்களைத் திட்டறார். துடுப்புப் போடத் தெரியாதவங்களைப் பாத்து வயிறு குலுங்கச் சிரிக்கறார்.

கடைசியா ஒண்ணு கேக்கறேன். அந்த டாக்டரம்மா வாட்ச்மேன்னு சொன்னாங்களே. "அவர் எங்க அப்பா"ன்னு நீ சொன்னியா?

தம்பி

*

ஜூன் 27

தம்பிக்கு,

நான் கேட்டதற்கும் நீ கேட்பதற்கும் சம்பந்தமில்லை. மாட்டிக்கொண்டால் பேச்சை மாற்றுவது உனக்குப் பிறவியிலேயே வந்தது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அங்கே ஓனருக்கு ஒரு குட்டிப் பெண் இருக்கிறதாம். எப்போது பார்த்தாலும் அந்த வாட்ச்மேன் பின்னாலேயே "தாத்தா, தாத்தா" என்று சுற்றுகிறதாம். டாக்டரம்மா பையனும் தாத்தா என்றுதான் கூப்பிட்டானாம். எவ்வளவு வசதி பார். வயசானவர் யாராக இருந்தாலும் பிள்ளைகளுக்குத் தாத்தாதான். நீ ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் விளையாட்டு என்கிறாய். சரி. விளையாட்டை யாராவது ஒருத்தர் "போதும்" என்று சொல்லி நிறுத்த வேண்டும். அவர் நிறுத்த மாட்டார், ஏனென்றால் நிறுத்தினால் உனக்குக் கஷ்டம். நீ நிறுத்த மாட்டாய், ஏனென்றால் நிறுத்தினால் இன்னொரு ஆள் தேட வேண்டும்.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். பையன் அறையில் இன்னொரு கட்டிலும் போட்டாயிற்று. அப்பா துணிமணியை எடுத்துவைக்கச் சொல்.

உன் மனைவியிடம் டீ போட வேண்டாம் என்று சொல். நான் உட்கார வரவில்லை.

அக்கா

*

ஜூலை 12

அக்கா,

அப்பாவோட கண்ணாடி, பிரஷர் மாத்திரை, சவரப் பெட்டி மூணும் பார்சல்ல வருது. நீ இழுத்துட்டுப் போன வேகத்துல எல்லாம் இங்கேயே கிடந்துச்சு. நர்ஸம்மா மாத்திரையை மறப்பாங்கன்னு நான் நினைக்கல.

நீ வந்துட்டுப் போனதுலேருந்து இங்க யாரும் சரியா பேசிக்கல. நீ செஞ்சதுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன்.

வீட்டுக்குப் பின்பக்கமா வந்திருக்கலாம். கொட்டகைக்கு வந்து என் சட்டையைப் பிடிச்சிருக்கலாம். ரெண்டு அறை அறைஞ்சிருந்தாக்கூட வாங்கிட்டிருப்பேன். காலைச் சாப்பாட்டுக்கு ஹால் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கறப்ப நேரா நடு ஹாலுக்கு வந்து நின்னு, "கழட்டுங்கப்பா அந்தச் சட்டையை"ன்ன.

"அப்புறம் மாத்திக்கிறேம்மா"ன்னார்.

"இப்பவே"ன்ன.

கழட்டினார். பனியனோட நின்னார். அந்தப் பனியன்ல தோள்பட்டைகிட்ட ஒரு கிழிசல். ஒருத்தர் ஸ்பூனைக் கீழ வச்சார், எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேக்குது. ஒரு சின்னப் பையன், "அந்தத் தாத்தாவை வேலையை விட்டு எடுத்துட்டாங்களாம்மா?"ன்னு கேட்டான். பச்சைச் சட்டையில அவரை இதுவரைக்கும் யாரும் கேவலமாப் பாத்ததில்லக்கா. அன்னிக்குத்தான் பாத்தாங்க.

அதுலயும் அவளைப் பாத்து, "மாமனாரை எடுபிடியாக்கின மகராசி"ன்னுட்டுப் போயிட்ட. இந்த ரெண்டு வருஷமா அவருக்கு உப்பில்லாம தனியாப் பொங்கினவ அவ. அவர் சாப்பிடாம நான் சாப்பிட்டிருக்கேன், அவ சாப்பிட்டதில்ல. அதை உன்கிட்ட அவ சொல்லவும் மாட்டா. நான் சொல்றதும் அவளுக்குப் பிடிக்காது.

கார் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி அப்பா என்கிட்ட ஒண்ணு சொன்னார், நீ டிரைவர்கிட்ட கத்திட்டிருந்த, உனக்குக் கேட்டிருக்காது. "துடுப்பு ரெண்டு வெயில்ல கிடக்கு, எடுத்து உள்ள வை, வளைஞ்சிடும்"னார். அவ்வளவுதான்.

ரெண்டு குடும்பம் அன்னிக்கே கிளம்பிடுச்சு. அது போகட்டும். பாப்பாதான் தினம் கொட்டகை வாசல்ல போய் நிக்கிறா. அங்க இப்ப வேற ஆள். சீசன் நேரத்துல படகுத்துறையில ஆள் இல்லாம விட முடியாது, வச்சுட்டேன். அப்பாவுக்கு இங்க இடமில்லன்னு நான் சொல்லல. இடமில்லாமப் போச்சுன்னு சொல்றேன்.

தம்பி

*

செப்டம்பர் 9

தம்பிக்கு,

பார்சல் வந்தது. பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. பல்லைப் பார்த்தாயிற்று, கண்ணைப் பார்த்தாயிற்று, புதுக் கண்ணாடி போட்டாயிற்று. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை. இதையெல்லாம் எழுதி முடித்தவுடனேயே எழுதுவதற்கு வேறு எதுவும் இல்லாமல் போய்விட்டது என்பதுதான் பிரச்சினை.

எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. நானும் உன் மாமாவும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வருவோம். பையன் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பான். முதல் மாசம் அப்பா பால்கனியில் உட்கார்ந்து கீழே கார்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கீழே இறங்கிப் போக ஆரம்பித்தார். நல்லதுதானே, நடக்கட்டும் என்று விட்டேன்.

ஒரு நாள் லிஃப்டில் ஐந்தாவது மாடி அம்மாள், "புது வாட்ச்மேன் ரொம்ப நல்ல மாதிரி, காய்கறிப் பையை வாங்கிட்டு வந்து வாசல் வரைக்கும் கொடுக்கறார்" என்றார். கீழே ஓடினேன். கேட் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். நம் அப்பா கேட்டைத் திறந்து ஒரு காருக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா இது?" என்றேன்.

"அவருக்கு முட்டி வலிம்மா. நான் சும்மாதானே இருக்கேன்."

"இங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்லப்பா. உட்கார்ந்து சாப்பிடுங்க, போதும்."

"சாப்பிடறது ஒரு வேலையா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் பதில் எதிர்பார்த்த மாதிரி கேட்டார்.

உன் மாமாவுக்கு முகமே சரியில்லை. "உன் தம்பி வீட்ல வாட்ச்மேன் வேலை பாக்கறார்னு சண்டை போட்டுக் கூட்டிட்டு வந்த. இங்க எந்த வீட்ல பாக்கறார்?" என்கிறார். நேற்று அப்பா என்னிடம், "ஆத்துல தண்ணி எவ்வளவு வந்திருக்கும் இப்போ?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

அவர் திரும்பி வர ஆசைப்படுகிறார். வாய் திறந்து சொல்லவில்லை, எனக்குத் தெரிகிறது. வரட்டும். ஆனால் கொட்டகைக்கு அனுப்ப மாட்டேன். அவருடைய அறையை அவருக்குக் கொடு. தொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கட்டிலைப் போடு. பச்சைச் சட்டை கிடையாது. வருகிறவர்களிடம் "இவர் என் அப்பா" என்று சொல். இவ்வளவுதான் கேட்கிறேன். இதைக் கெஞ்சலாக எடுத்துக்கொண்டாலும் சரி, உன் இஷ்டம்.

அக்கா

*

செப்டம்பர் 30

அக்கா,

முடியாது.

இந்த ஒரு சொல்லோட நிறுத்தச் சொன்னா அவ. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்ல.

அந்த அறையை சீசன் முடியற வரைக்கும் வர்றவங்களுக்கு வாக்குக் கொடுத்தாச்சு. இந்த இடம் ஓடறதே அந்த அறையால. கொட்டகையில இருக்கற ஆளுக்குக் குடும்பம் இருக்கு, எழுந்து போன்னு சொல்ல முடியாது. எல்லாத்துக்கும் மேல, அத்தனை பேருக்கு முன்னாடி அந்தப் பேச்சு வாங்கினதுக்கு அப்புறம் அவகிட்ட போய் "அப்பா வர்றார், உப்பில்லாம பொங்கு"ன்னு நான் எந்த வாயால சொல்றது? மழை ஓய்ஞ்சதும் ஒரு வாரம், பத்து நாள் கூட்டிட்டு வா. மாடியில ஒரு அறை ஒதுக்கறேன். விருந்தாளியா இருந்துட்டுப் போகட்டும்.

எழுதிட்டு நானே படிச்சுப் பாக்கறேன். அப்பா, விருந்தாளி. நல்லாத்தான் இல்ல. ஆனா வேற என்ன வார்த்தை போடறதுன்னு தெரியல.

இன்னொரு விஷயம். உன் டாக்டரம்மா போன வாரம் மறுபடி வந்தாங்க, புருஷன், பையனோட. படகுத்துறையில சுத்திமுத்திப் பாத்துட்டு, "எங்க, அந்தப் பழைய வாட்ச்மேன்? ஊருக்குப் போயிட்டாரா?"ன்னாங்க. நான் பையனுக்கு லைஃப் ஜாக்கெட் எடுத்துக் கொடுத்தேன். அவங்களே, "எங்க தியேட்டர் சிஸ்டர் ஒருத்தங்க அவரைப் பத்தி ரொம்பக் கேட்டாங்க. சாப்பாடு கொடுக்கறாங்களா, எங்க தங்கறார்னு. ரொம்ப இரக்கப்பட்டாங்க, நல்ல மனசு"ன்னாங்க.

நல்ல மனசு.

ஜூன்லேருந்து நான் கேட்டுட்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைச்சுடுச்சு. நான் அப்பாவை வாட்ச்மேனா ஆக்கினேன்னு ஊர் முன்னாடி சொன்ன. சரி, ஆக்கினேன். எனக்குக் கீழ வேலை செஞ்சாலும் பாப்பாவுக்கு அவர் தாத்தாதான். உனக்கு அவர் யாரு? எவளோ ஒருத்தி இரக்கப்படற எவனோ ஒரு கிழவன்.

தம்பி

*

நவம்பர் 4

தம்பிக்கு,

அப்பா அங்கே வந்தாரா? வந்திருந்தால் உடனே போன் பண்ணு. உன் சிக்னல் இல்லாத சொர்க்கத்துக்கு எத்தனை தடவை கூப்பிடுவது? யாரும் எடுக்கவில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்தபோது அப்பா பக்கத்தில் இருந்தார். இத்தனை நாளாக உன் கடிதம் எதையும் அவரிடம் காட்டினதில்லை. "என்ன எழுதியிருக்கான்?" என்றார். ஒன்றுமில்லை என்று மடித்து வைத்தேன். அதற்கப்புறம் ஒரு மாசம் அவர் கேட்கவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி கேட்டார். "நான் வரலாம்னு எழுதியிருக்கானா, வேண்டாம்னு எழுதியிருக்கானா?"

எனக்கு அன்றைக்கு உன் மேல் இருந்த ஆத்திரம் தீரவில்லை. உன் வண்டவாளம் அவருக்குத் தெரியட்டும் என்று எடுத்து வாசித்தேன். விருந்தாளி என்ற இடத்தில் அவரைப் பார்த்தேன். முகம் மாறவில்லை. வாசிக்கிற வேகத்தில் டாக்டரம்மா வந்த இடமும் வந்துவிட்டது. அப்படியே நிறுத்தினேன்.

"முழுசாப் படிம்மா" என்றார்.

படித்தேன். கடைசி வரி வரைக்கும் படித்தேன். அப்பா சிரித்தார்.

"ரெண்டு பேரும் நல்லா எழுதறீங்க. பள்ளிக்கூடத்துல இப்படி எழுதியிருந்தா தமிழ்ல ரெண்டு பேரும் பாஸாயிருப்பீங்க" என்றார்.

சாப்பிட்டார், மாத்திரை போட்டுக்கொண்டார், பையனிடம் ஏதோ ஜோக் சொன்னார். திங்கட்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது வீட்டுச் சாவி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. பை இல்லை.

கீழே ஓடி கேட் வாட்ச்மேனைக் கேட்டேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார் வேலை கிடைச்சுப் போறேன்னு சொல்லிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்துட்டுப் போனாரே. உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

வேலை. இந்த வயசில் யார் வேலை கொடுத்தார்கள், எங்கே, எப்போது பேசி முடித்தார், எதுவும் எனக்குத் தெரியாது. ஒரே கூரைக்குக் கீழே இருந்தேன். முட்டி வலிக்கிற கேட் வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்கிறது.

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். தேடு.

அக்கா

*

டிசம்பர் 1

அக்கா,

போன்ல "இருக்கார், நல்லா இருக்கார்"னு மட்டும் சொல்லி வச்சுட்டேன். எங்க, எப்படின்னு நீ கத்தினது கேட்டுச்சு. வாயால சொல்ல வரல. அதான் எழுதறேன்.

நம்ம கரைக்கு நேர் எதிர்ல, மூங்கில் காடா கிடந்துச்சே ஒரு இடம், அதை ஒரு பள்ளிக்கூடக்காரங்க வாங்கி இந்த மழைக்காலத்துல சுத்தம் பண்ணினாங்க. பிள்ளைங்களுக்கு நீச்சலும் படகும் சொல்லித்தர முகாம். எனக்குப் போட்டின்னு நானும் அவளும் கரிச்சுக் கொட்டிட்டிருந்தோம். போன மாசம் ஒரு நாள் காலையில அந்தப் பக்கத்துலேருந்து விசில் சத்தம். நான் படகைக் கழுவிட்டிருந்தேன். எனக்குக் கை நின்னு போச்சு. அந்த ஊதலுக்குத் தண்ணியை விட்டு ஏறிப் பழகின உடம்பு இல்லையா.

ஒரு படகை எடுத்துட்டு நானே துடுப்புப் போட்டுப் போனேன். வழியெல்லாம் என்ன பேசணும்னு சொல்லிப் பாத்துட்டே போனேன். "வாங்கப்பா, அறையை ஒழிச்சுட்டேன்"னு சொல்லலாம்னு. ஒழிக்கலதான். சொல்லிட்டு வந்து ஒழிச்சிருப்பேன்.

இடுப்பளவு தண்ணியில நின்னு ஒரு பொண்ணுக்குக் கை வீசச் சொல்லிக்கொடுத்துட்டிருந்தார். நல்லா இளைச்சிருக்கார். ஆனா அந்தக் குரல் பழைய குரல். முகாமைப் பாத்துக்கற அம்மா கரையில நின்னாங்க. சின்ன வயசுதான். என்னைப் பாத்ததும், "சொல்லுங்க சார், யார் வேணும்? இவர் எங்க தலைமைப் பயிற்சியாளர்"னாங்க. நான் அப்பாவையே பாத்துட்டு நின்னேன். அவங்களுக்கு ஏதோ தோணியிருக்கு. "உங்களுக்குத் தெரிஞ்சவரா சார்?"னு அப்பாகிட்ட கேட்டாங்க.

அப்பா என்னை நல்லா நிமிர்ந்து பாத்தார். "தெரியுமே. எதிர்க்கரை வீட்டுக்காரர்"னார்.

கோபமே இல்லக்கா. நல்லா சிரிச்ச முகத்தோட சொன்னார். "படகை இங்க கட்டாதீங்க, பிள்ளைங்க இறங்கற எடம். கொஞ்சம் தள்ளிக் கட்டிக்குங்க"னார்.

கட்டாதீங்க. என்னை. பிறந்ததுலேருந்து 'டா' போடாம என்னைக் கூப்பிட்டறியாத வாய். நான் அவரை விருந்தாளின்னு எழுதினதும் அவர் காதுல விழுந்திருக்கு, நீ டாக்டரம்மாகிட்ட அப்பான்னு சொல்லாததும் விழுந்திருக்கு. அதுக்கெல்லாம் சேத்து ஒரே ஒரு 'ங்க' போட்டு முடிச்சுட்டார்.

நான் படகை எங்கேயும் கட்டல. திருப்பிட்டு வந்துட்டேன்.

தினம் தெரியறார். தொட்டி இருக்கற அறைக் கண்ணாடிக்கு நேர் எதிர்லதான் அவங்க இறங்கற துறை. போன வாரம் அந்த அறையில தங்கின பெரியவரும் அவர் சம்சாரமும் பறவை பாக்கக் கொண்டுவந்த பைனாகுலர்ல பாத்துட்டு என்னைக் கூப்பிட்டாங்க. "அந்த மனுஷர் எவ்வளவு பொறுமையாச் சொல்லித்தர்றார் பாருங்க. யார் அவர்?"னு கேட்டாங்க.

இந்தத் தடவை சொன்னேன். "அவர் எங்க அப்பா"ன்னேன்.

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் ஜோக் அடிக்கறேன்னு நினைச்சுட்டாங்க. அந்த அம்மா, "நல்லாப் பேசறீங்க தம்பி"ன்னாங்க.

நீ போய்ப் பாக்கணும்னா போ. நான் தடுக்கல. நம்ம துறையிலேருந்து படகு வேணும்னா அனுப்பறேன்.

தம்பி

*

டிசம்பர் 19

தம்பிக்கு,

டாக்டரம்மாவிடம், அவர் எங்க அப்பா என்று சொல்லிவிட்டேன். "ஓ" என்றார். கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் வேலை விஷயமாக எது வேண்டுமானாலும் பேசுகிறார். படம் எதுவும் காட்டுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். உன் மாமாவிடம்கூடச் சொல்லாமல் பஸ்ஸேறினேன். முகாமுக்குப் பிரிகிற ரோட்டில் இறங்கினேன். அங்கே ஒரு டீக்கடை இருக்கிறதே, அதில் உட்கார்ந்தேன். நடந்தால் கொஞ்ச தூரம்தான் என்றார் கடைக்காரர். பிள்ளைகள் கத்துகிற சத்தம் அங்கேயே கேட்டது.

உன்னை எதிர்க்கரை வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டார். நீ வாங்கிக்கொண்டு வந்துவிட்டாய். உன் கரை எதிரிலாவது இருக்கிறது. என்னை அந்த அம்மா, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?" என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள் என்பாரா? ஒரு மாதிரி தெரியும் என்பாரா? தெரியாது என்றே சொல்லிவிட்டால்? அதற்கு நான்தான் அவருக்கு வழி காட்டியிருக்கிறேன். திரும்புகிற பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டேன், முகாம் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று. நன்றாக இருக்கிறார், காலையில் தண்ணீரை விட்டு ஏறினதும் இங்கேதான் டீ குடிக்க வருவார், குளிருக்கு நடுங்கிக்கொண்டே வருவார், ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்குங்க சார் என்றால் கேட்க மாட்டார் என்றார்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. அடர் நீலம், கழுத்து மூடின மாதிரி, அவர் அளவு. விலைச் சீட்டைக் கிழித்துவிட்டேன். இரண்டு தடவை துவைத்துக் கொஞ்சம் பழசு மாதிரி ஆக்கியிருக்கிறேன். நீ போகாதே, உன் மனைவியும் பாப்பாவும்கூடப் போக வேண்டாம். நான் அனுப்பினதென்றும் சொல்லாதே. கொட்டகையில் இருக்கிறாரே, அந்த ஆளிடம் கொடுத்து அனுப்பு. யார் கொடுத்தது என்று அப்பா கேட்டால், விருந்தாளி யாரோ மறந்து விட்டுவிட்டுப் போனது என்று சொல்லச் சொல்.

அக்கா